வடகடல் வழியும் நமது சரக்கும்

வடதுருவக் கடலில் பனிக்கட்டி குறைந்து வருகிறது. ஆகவே ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஒரு புதிய கப்பல் மார்க்கம் திறக்கிறது. அம்மார்க்கத்தின் தென்வாயிலாகச் சென்னைத் துறைமுகம் விளங்கப் போகிறது என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே நம் நாட்டில் நடமாடி வருகிறது. 2019 செப்டம்பரில் பிரதம மந்திரி விளாதிவஸ்தோக் நகருக்குச் சென்றிருந்தபோது, அந்நகரையும் சென்னையையும் இணைக்கும் கடல்வழியைக் குறித்து இரு சர்க்கார்களும் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டன. 2022 மார்ச்சில் இந்திய சர்க்கார் தமது ஆர்க்டிக் கொள்கையை வெளியிட்டனர். 2024 ஜனவரியில் இவ்விஷயமாகச் சென்னையிலேயே ஒரு கூட்டம் நடந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வடகடல் வழிக்கென்றே அமைந்த இந்திய ரஷ்யக் கூட்டுக்குழு புது டில்லியில் முதன்முறையாகக் கூடிற்று. 2025 டிசம்பரில் ரஷ்ய ஜனாதிபதி வந்தபோது, துருவக் கடல்களில் ஓடும் கப்பல்களில் வேலை செய்ய இந்திய மாலுமிகளைப் பழக்குவதற்கும் ஏற்பாடாயிற்று.

லாங் பஜாரில் கடை வைத்திருப்பவருக்கும், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் தோல் பதனிட்டுச் செருப்பும் பூட்ஸும் தைத்து அனுப்புபவருக்கும் இச்செய்திகள் இனிக்கவே செய்யும். அதற்குக் காரணம் உண்டு. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படலான பின், பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. பத்துப் பதினான்கு நாட்கள் கூடின. கப்பல் கூலியோ மடங்குக் கணக்கில் ஏறிற்று. குளிர்காலத்துப் பூட்ஸ் குளிர்காலம் தொடங்குமுன் ஹாம்பர்க் போய்ச் சேராவிட்டால், அது பூட்ஸ் அன்று. பேரம் பேசிக் குறைத்து வாங்கப்படும் பழஞ்சரக்கு. அதன்பின் 2025 ஆகஸ்டில் ஐக்கிய அமெரிக்கா நமது சரக்கின்மீது 50 சதவீதம் வரி சுமத்தியபோது, வேறு சந்தையும் வேறு வழியும் தேட வேண்டிய அவசியம் இன்னும் உறைத்தது. இந்நிலையில் வடக்கே ஒரு வழி திறக்கிறதென்று யாரேனும் சொன்னால் செவி சாய்க்காதவர் யார்?

செவி சாய்ப்பதில் குற்றமில்லை. ஆனால் ஒரு வழியில் சரக்கை ஏற்றுமுன் அவ்வழியின் பூர்வோத்தரம் தெரிந்திருப்பது வியாபாரிக்கு அழகு. வடகடல் வியாபாரத்துக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது. அதை ஒருமுறை புரட்டிப் பார்த்தவர்கள், நம்மவர் இப்பொழுது கேட்டுக் கொண்டிருக்கும் கேள்வி தவறான கேள்வி என்பதைக் காண்பார்கள்.

அச்சரித்திரம் தொடங்கியதே நம் திசைக்கு வருவதற்காகத்தான். 1553-ல் லண்டன் வர்த்தகர்கள், கீழ்த்திசை நாடுகளுக்கு வடகிழக்கே ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டுமென்று கூடி, ஒரு பங்குக்கு 25 பவுனாக 6,000 பவுன் திரட்டி மூன்று கப்பல்களை அனுப்பினார்கள். தலைவர் ஸர் ஹியூ வில்லோபி. அவருடைய கப்பலும் அதனோடு சென்ற மற்றொன்றும் லாப்லாந்துக் கரையில் குளிர்காலத்தில் சிக்கின. அவற்றிலிருந்தவர் ஒருவரும் மீளவில்லை. மூன்றாவது கப்பலில் சென்ற ரிச்சர்டு சான்ஸலர் மட்டும் வெண்கடலை அடைந்து, அங்கிருந்து தரைவழியாக மாஸ்கோ சென்று நான்காம் ஐவான் மன்னரைக் கண்டார். இந்தியாவும் சீனமும் கிடைக்கவில்லை. ருஷ்ய வியாபாரம் கிடைத்தது. 1555-ல் மஸ்கோவி கம்பெனி அரச சாஸனம் பெற்றது. பங்கு சேர்த்துக் கூட்டாக வியாபாரம் செய்யும் கம்பெனிகளில் மூத்தது அதுவே என்பர். நம்மை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது தமக்கை முறை.

வேலூர் வாசகர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடகடல் வியாபாரத்தின் பெரும்பகுதி தோலின்மேல் நடந்தது. வெண்கடல் ஓரத்துப் போமோர் என்னும் ருஷ்யக் கடலோடிகள், பனிக்கட்டி நெருக்கினாலும் நசுங்காமல் மேலே எழும்பும்படி அடிப்பாகம் உருண்ட மரக்கலங்களைக் கட்டி, காரா கடலைத் தாண்டி ஸைபீரியாவிலிருந்த மங்கசேயா என்னும் சந்தைக்குப் போய் ஸேபிள் தோல் வாங்கி வந்தார்கள். 1619-ல் ஜார் அரசாங்கம் அக்கடல்வழியை அடைத்துவிட்டது. பனி அடைக்கவில்லை, சட்டம் அடைத்தது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் அவ்வழியே புகுந்து சுங்கம் கொடாமல் தோலை வாங்கிப் போய்விடுவார்கள் என்பதே பயம். மீறினால் மரண தண்டனை. சில பத்தாண்டுகளில் மங்கசேயா பாழடைந்தது. மறுபுறம் கனடாவின் வடக்கே, 1670-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனிக்கு, அவ்விரிகுடாவில் வந்து விழும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதிலும் வியாபார ஏகபோகத்தை எழுதிக் கொடுத்தார். கோடையில் பனி விலகும் சில வாரங்களில் கம்பெனியின் கப்பல் உள்ளே போய்ச் சாமான்களை இறக்கி, பீவர் தோலை ஏற்றிக்கொண்டு பனி மூடுமுன் வெளியே வந்துவிட வேண்டும். அத்தோல் லண்டனில் ஏலம் போயிற்று. நமது ஆவாரம்பட்டைத் தோலும் பிற்காலத்தில் லண்டன் ஏலத்துக்கே போயிற்று என்பதைப் பழைய மண்டிக்காரர் குடும்பங்கள் அறியும். தோலை உரித்தவனுக்கும் பதனிட்டவனுக்கும் ஏல விலையில் என்ன சொல்லிருந்தது என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி வந்தது. 1874-ல் ஜோசப் விக்கின்ஸ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் காரா கடலைக் கடந்து ஓப் நதியின் முகத்துவாரத்தை எட்டினார். 1878 ஜூலையில் நார்வேயின் டிராம்ஸோ துறையிலிருந்து நார்டன்ஷியால்டு என்ற ஸ்வீடிஷ் விஞ்ஞானி 'வேகா' என்னும் கப்பலில் கிழக்கே புறப்பட்டார். செப்டம்பர் முடிவில், பேரிங் ஜலசந்திக்கு மிகச் சமீபத்தில், பனியில் அகப்பட்டுக் கொண்டார். இன்னும் இரண்டொரு நாள் ஓட்டம் இருந்திருந்தால் தப்பியிருப்பார். பத்து மாதம் அங்கேயே கிடந்து, 1879 ஜூலையில் விடுபட்டு, ஜலசந்தியைக் கடந்தார். வடகிழக்கு வழியை முழுதும் கடந்த முதற் கப்பல் அதுவே. ஊர் திரும்பும்போது ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர் வழியாக வந்து, அவ்வாண்டு டிசம்பரில் இலங்கையின் காலித் துறையில் தங்கிற்று. அங்கிருந்து ஏடன், சூயஸ் வழியாக ஐரோப்பா சேர்ந்தது. வடகடலை வென்ற கப்பல் வீடு திரும்பிய வழி சூயஸ் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். கால்வாய் திறந்து அப்போது பத்தாண்டே ஆகியிருந்தது.

வேகா போனபின் வியாபாரக் கப்பல்கள் வரிசையாய்ப் போகத் தொடங்கினவா என்றால், இல்லை. கண்டுபிடிப்பது வேறு, ஓட்டுவது வேறு. நிரந்தரமாக ஓட்டியது ஸோவியத் சர்க்கார். 1932-ல் 'ஸிபிரியகோவ்' என்ற பனிக்கப்பல், நடுவில் சுழல்விசிறி உடைந்து விழுந்தும், பாய் விரித்து ஊர்ந்து, ஒரே பருவத்தில் முழு வழியையும் கடந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே வடகடல் வழிக்கென்று ஒரு தலைமை நிர்வாகம் ஏற்பட்டது. 'ஸிபிரியகோவ்' பயணத்தை நடத்திய ஓட்டோ ஷ்மித் அதன் தலைவரானார். 1934 பிப்ரவரியில் அவர் சென்ற 'செல்யூஸ்கின்' பனியில் நசுங்கி மூழ்கியது. பெண்களும் குழந்தைகளும் உள்பட நூற்றுக்கு மேற்பட்டோர் இரண்டு மாதம் மிதக்கும் பனிப்பாறைமீது வாழ்ந்து, விமானங்களால் மீட்கப்பட்டார்கள். ஆனால் திட்டம் நிற்கவில்லை. 1959-ல் 'லெனின்' என்ற அணுசக்திப் பனிக்கப்பல் வேலைக்கு வந்தது. 1977-ல் 'ஆர்க்டிகா' வடதுருவத்தையே சென்று தொட்டது. 1987-ல் இவ்வழியில் 65 லட்சம் டன்னுக்கு மேல் சரக்குப் போயிற்று. 1991-ல் அந்நியக் கப்பல்களுக்கு வழி திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு ஸோவியத் ராஜ்யமும் மறைந்தது. கதவு திறந்த பின் சரக்குப் பெருகவில்லை. 1990-களின் இறுதியில் சுமார் 15 லட்சம் டன்னாகச் சுருங்கிற்று. பனி கூடிவிடவில்லை. கஜானா காலியாயிற்று, அவ்வளவே.

வடகடலை வெயில் திறக்கவில்லை. ஒரு ராஜாங்கம் தன் பணத்தையும், தன் பனிக்கப்பல்களையும், தன் சட்டத்தையும் அதன்பின் நிறுத்திய காலங்களில் அது திறந்திருந்தது. நிறுத்தாத காலங்களில் மூடிக் கிடந்தது. அமெரிக்கர்கள் வேறு விதமாய் முயன்றார்கள். 1969-ல் 'மன்ஹாட்டன்' என்ற பெரிய எண்ணெய்க் கப்பலுக்கு இரும்புக் கவசம் பூட்டி வடமேற்கு வழியே அலாஸ்காவுக்கு அனுப்பினார்கள். அது அடையாளமாக ஒரே ஒரு பீப்பாய் எண்ணெயை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது. கணக்குப் பார்த்தவர்கள் கப்பலை விட்டுவிட்டுக் குழாய் போட்டார்கள்.

இப்பொழுது தற்கால நிலவரம். 2018-ல் ரஷ்ய ஜனாதிபதி, 2024-க்குள் இவ்வழியில் ஆண்டுக்கு 8 கோடி டன் போக வேண்டுமென்று ஆணையிட்டார். 2024-ல் போனது 3 கோடியே 79 லட்சம் டன். அதிலும் பெரும்பாலானது யமால் தீபகற்பத்துத் திரவ வாயுவும், வடக்கு வயல்களின் எண்ணெயும், ரஷ்யாவின் உள்நாட்டுச் சாமான்களுமே. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை முழு வழியும் கடந்து போன சரக்கு சுமார் 30 லட்சம் டன். அதிலும் கணிசமானது சீனத்துக்குப் போன எண்ணெய். சூயஸ் கால்வாயோ, கலகம் இல்லாத ஓர் ஆண்டில் நூறு கோடி டன்னுக்கு மேல் கடத்திவிடுகிறது. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' குறுக்கே மாட்டி ஆறு நாள் கால்வாயை அடைத்தபோது வடகடலின் புகழ் பாடினார்கள். அவ்வாண்டு நவம்பரிலேயே வடகடலில் எதிர்பாராமல் முன்கூட்டிப் பனி உறைந்து, இருபது கப்பல்கள் வரை சிக்கிக் கிடந்தன. ஆறு நாளில் விடுபடவில்லை. அன்றியும் அவ்வழியின் சில ஜலசந்திகள் ஆழம் குறைந்தவை. பெரிய பெட்டிக் கப்பல்கள் அவற்றில் புக முடியாது.

சீனத்துக்கு இவ்வழி லாபமாகலாம். 2013-ல் 'யோங் ஷெங்' என்ற சீனக் கப்பல் தாலியனிலிருந்து ராட்டர்டாமுக்கு இவ்வழியே போயிற்று. 2025 செப்டம்பரில் நிங்போவிலிருந்து புறப்பட்ட ஒரு பெட்டிக் கப்பல் சுமார் இருபதே நாளில் இங்கிலாந்தின் பெலிக்ஸ்டோ துறையை அடைந்தது. யோக்கஹாமாவிலிருந்து ராட்டர்டாமுக்கு சூயஸ் வழியே 11,200 கடல் மைல். வடகடல் வழியே சுமார் 7,300. ஜப்பானியனும் வடசீனத்தானும் கோடை மாதங்களில் இதைப் பற்றி யோசிப்பது நியாயமே.

சென்னையின் கணக்கு என்ன? சென்னையிலிருந்து விளாதிவஸ்தோக் 5,600 கடல் மைல் என்பது சர்க்கார் சொல்லும் கணக்கு. அது வடகடலின் வாசல்கூட அன்று. வாசலுக்குப் போகும் தெரு. அதே 5,600 மைலை மேற்கே ஓடினால், சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல் சூயஸையும் கடந்து, மத்தியதரைக் கடலில் ஸிஸிலித் தீவையும் தாண்டியிருக்கும். பூகோளப் படத்தை விரித்து ஒரு நூலைப் பிடித்து அளந்து பார்க்கும் பள்ளிச் சிறுவனும் இதைச் சொல்வான். ஆம்பூர்ச் செருப்பு ஹாம்பர்க் போக வடகடல் ஒருக்காலும் குறுக்கு வழி ஆகாது.

ஆனால் 40 நாள் 24 நாளாகக் குறைகிறதென்று எல்லோரும் எழுதுகிறார்களே என்று கேட்கலாம். அந்தக் கணக்கைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். 40 நாள் என்பது மும்பையிலிருந்து ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க் போவதற்கு. 24 நாள் என்பது சென்னையிலிருந்து விளாதிவஸ்தோக் போவதற்கு. இரண்டும் ஒரே ராஜ்யத்தில் இருப்பது உண்மை. அவற்றின் இடையே ஒரு கண்டம் கிடக்கிறது. வேலூரிலிருந்து சென்னை போவதைவிட ஆம்பூர் போவது சமீபம்; ஆகையால் சென்னை போகிறவர்கள் ஆம்பூர் வழியாகப் போகவும் என்பது போன்ற வாதம் இது. நீதிஸ்தலத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் இப்படி வாதித்தால் நாம் எழுந்து ஆட்சேபிக்கவே மாட்டோம், உட்கார்ந்தபடி ரசிப்போம். நமது பூட்ஸை வாங்கும் ரஷ்ய ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் மாஸ்கோ பக்கம் இருக்கிறார்கள். விளாதிவஸ்தோக்கிலிருந்து மாஸ்கோ ரயில் பாதையில் 9,288 கிலோமீட்டர். நிலக்கரியும் உரமும் எண்ணெயும் இறக்குமதி செய்ய இவ்வழி உதவலாம்; அதை நாம் மறுக்கவில்லை, வரவேற்கிறோம். தோல் வியாபாரிக்கு அதில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே 'வடகடல் வழி நமக்குக் கிட்டமா' என்பது முக்கியமான கேள்வி அன்று. எந்தக் கடலானாலும் அதில் ஓடும் கப்பல் யாருடையது, கூலியை வைப்பவன் யார் என்பதே கேள்வி. செங்கடலில் கலகம் மூண்டபோது கூலி ஏறிற்று. ஏறிய கூலி யார் கைக்குப் போயிற்று? நாம் கொடுத்தோம், அந்நியக் கம்பெனிகள் வாங்கின. 1987–88-ல் நமது அந்நிய வர்த்தகச் சரக்கில் நூற்றுக்கு 40.7 பங்கு இந்தியக் கப்பல்களில் போய் வந்தது. 2018–19-ல் அது நூற்றுக்கு 7.8 ஆக இறங்கிற்று. அந்த ஓராண்டில் அந்நியக் கப்பல்களுக்கு நாம் கொடுத்த கூலி சுமார் 5,300 கோடி டாலர். இவை நம் கற்பனை அல்ல. 2021 ஜூலையில் மத்திய மந்திரி சபையே இந்தியக் கப்பல்களுக்கு 1,624 கோடி ரூபாய் உதவித் தொகை வழங்கத் தீர்மானித்தபோது வெளியிட்ட கணக்கு.

இதை எழுதும்போது வ. உ. சிதம்பரம் பிள்ளையை நினையாமல் இருக்க முடியுமா? 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் அவர் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு 40,000, பங்கொன்றுக்கு 25 ரூபாய். 350 ஆண்டுகளுக்கு முன் லண்டன் வர்த்தகர்கள் வடகடலுக்குக் கப்பல் விடப் பங்கொன்றுக்கு 25 பவுன் போட்டதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்களுக்குப் பின்னால் அரச சாஸனம் இருந்தது. நம்மவருக்கு எதிரில் ராஜாங்கம் இருந்தது. 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் கொழும்புக்கு ஓடத் தொடங்கியதும், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கினார்கள்; பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தார்கள். 1908 மார்ச் 12-ல் பிள்ளையவர்கள் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. குடை வாங்கிக்கொண்டு ஏறிய பிரயாணிகளை நாம் பழிக்கவில்லை. ஆனால் அதன்பின் குடை கிடைக்கவில்லை.

1919 ஏப்ரல் 5-ல் ஸிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' பம்பாயிலிருந்து லண்டன் புறப்பட்டது. அக்கம்பெனியையும் நெருக்கி, 1923-ல் ஒரு பத்தாண்டு உடன்படிக்கைக்குள் அடைத்துக் கரையோர வியாபாரத்தோடு நிற்கச் செய்தார்கள். 1928-ல் ஸாராபாய் ஹாஜி சட்டசபையில் கரையோர வியாபாரத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டுமென்று மசோதாக் கொண்டுவந்தார்; அது நிறைவேறவில்லை. 1947-ல் ஸர் ஸி. பி. ராமஸ்வாமி ஐயர் தலைமையில் அமைந்த கப்பல் கமிட்டி, கரையோர வியாபாரம் முழுவதும், பர்மா இலங்கை வியாபாரத்தில் நூற்றுக்கு 75-ம், தூரதேச வியாபாரத்தில் நூற்றுக்கு 50-ம் நமது கப்பல்களுக்கு வர வேண்டுமென்று சிபாரிசு செய்தது. 1948 மார்ச்சில் விசாகப்பட்டினத்தில் 'ஜல உஷா'வை ஸ்ரீ நேரு நீரில் இறக்கியபோது அந்த 50 எட்டக்கூடியதாகவே தோன்றியிருக்கும். 1980-களில் நாற்பதைத் தாண்டினோம். பிறகு எட்டுக்கும் கீழே வந்தோம். அதற்கு அந்நிய ஆட்சியைக் காரணம் காட்ட முடியாது.

ரஷ்யாவின் நடைமுறையை இங்கே ஒப்பிட வேண்டும். 2017 டிசம்பரில் அந்நாடு இயற்றிய சட்டம், அங்கே எடுக்கப்படும் எண்ணெயையும் வாயுவையும் நிலக்கரியையும் வடகடல் வழியில் ஏற்றிச் செல்லும் உரிமையை, சில விலக்குகள் நீங்கலாக, ரஷ்யக் கொடி பறக்கும் கப்பல்களுக்கே ஒதுக்கியது. ஹாஜி கேட்டதும் இதுவே. நாமோ 2018 மே மாதத்தில், நமது கரையோரத் துறைகளுக்கிடையே ஏற்றுமதிப் பெட்டிகளை லைசென்ஸ் இல்லாமலே அந்நியக் கப்பல்கள் எடுத்துச் செல்லலாமென்று உத்தரவு போட்டோம். போட்டி வரும், கூலி குறையும் என்றார்கள். சென்னைப் பெட்டிகளில் பல அதன்பின்னும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இறங்கி ஏறியே போயின. நட்பு நாட்டைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் தம் சரக்கைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் என்பதையே சொல்கிறோம். இந்திய ரஷ்யக் கப்பல் போக்குவரத்தே 1956-ல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி, இரு தரப்புக் கப்பல்களும் சரக்கைச் சரிபாதியாகப் பங்கிட்டுக் கொள்வதென்ற முறையில்தான் தொடங்கியது. 1956-ல் பாதி கேட்டோம். 2025-ல் மாலுமிப் பயிற்சி கேட்டிருக்கிறோம். உலகக் கப்பல்களில் வேலை செய்பவர்களில் பத்தில் ஒருவர் ஏற்கெனவே இந்தியர். பிறர் கப்பலுக்கு ஆள் கொடுப்பதில் நமக்குக் குறைவு இருந்ததே இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் கப்பல் கட்டும் தொழிலுக்கும் கடல்துறைக்கும் 69,725 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். நல்லதே. ஆனால் கப்பல் கட்டினால் மட்டும் போதாது. அதற்குச் சரக்குக் கிடைக்க வேண்டும். சரக்கு யார் கையில் இருக்கிறது? இங்கே நமது ஜில்லா வியாபாரிகளோடு சற்று மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

நமது ஏற்றுமதி ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை எப்.ஓ.பி. முறையில் எழுதப்படுகின்றன. அதாவது சென்னைத் துறையில் கப்பலில் ஏற்றிவிட்டால் விற்றவன் பொறுப்புத் தீர்ந்தது; எந்தக் கப்பல், என்ன கூலி என்பதை வாங்குகிறவன் தீர்மானிப்பான். நாம் இறக்குமதி செய்யும் சாமான்களுக்கோ ஸி.ஐ.எப். முறை அதிகம், கப்பலையும் இன்ஷூரன்ஸையும் விற்கிற அந்நியனே அமர்த்துகிறான். போகும்போது அவன் கப்பல். வரும்போதும் அவன் கப்பல். எப்.ஓ.பி.யில் கூலி நம் தலையில் இல்லை என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். செங்கடல் நெருக்கடியில் அந்த ஆறுதலின் மதிப்புத் தெரிந்திருக்க வேண்டும். கூலி ஏறினால் வாங்குகிறவன் அதை அடுத்த ஒப்பந்தத்தின் விலையில் குறைத்துக் கொள்கிறான். இப்படிப்பட்ட பத்திரங்கள் பலவற்றைத் தொழில் முறையில் நாம் படித்திருக்கிறோம். கப்பல் தாமதத்தால் விளையும் நஷ்டம் யாரைச் சேரும் என்ற ஷரத்து, அநேகமாக வாங்குகிறவருடைய வக்கீல் எழுதியதாகவே இருக்கும்.

ஒரு சிறு முதலாளி தனியே நின்று ஐரோப்பியப் பெருங்கடைக்காரனிடம் 'கப்பலை நான் அமர்த்துகிறேன்' என்றால் அவன் சிரிப்பான் என்பது உண்மை. அவன் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு ஒரேயடியாகப் பேசிக் குறைந்த கூலி வாங்குகிறான். ஐந்து பெட்டிக்காரர் அதைப் பெற முடியாது. அதனால்தான் ஐந்து பெட்டிக்காரர்கள் நூறு பேர் கூட வேண்டும். தூத்துக்குடியில் 25 ரூபாய்ப் பங்கு வாங்கியவர்களும் சில்லறை வியாபாரிகளே. ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரையிலுள்ள தோல் தொழிலார் தம் சரக்கை ஒன்றாகக் கணக்கிட்டு, ஆண்டுக்கு இத்தனை பெட்டி எங்களிடம் உண்டு, கூலி என்ன என்று கேட்டால், எந்தக் கப்பல் கம்பெனியும் பதில் சொல்லும். அப்போது, 2020-ல் விற்றுவிடலாமென்று சர்க்கார் விலை கேட்ட ஷிப்பிங் கார்ப்பொரேஷன்கூடச் சென்னையிலிருந்து நேரே ஐரோப்பாவுக்கு ஒரு கப்பல் விடுவதைப் பற்றி யோசிக்கக் கூடும். சரக்கு உறுதியில்லாமல் கப்பல் விடு என்று கேட்பதும், கப்பல் இல்லாமல் சரக்கை ஒதுக்கு என்று கேட்பதும் இத்தனை காலமாக நடந்து வந்த வீண் வழக்கு.

வடகடலைப் பற்றி மற்றொரு விஷயமும் உண்டு; அதை விட்டுவிட மனமில்லை. அங்கே கனத்த எரியெண்ணெயைக் கப்பல்கள் பயன்படுத்துவதற்குச் சர்வதேசக் கடல் ஸ்தாபனம் 2024 ஜூலை முதல் தடை விதித்தது. ஆனால் கரையோர நாடுகள் தம் கப்பல்களுக்கு 2029 வரை விலக்கு அளித்துக் கொள்ளலாம் என்றும் வைத்தது. தொழிலை நிறுத்தாமல் தண்ணீரைக் காப்போம் என்று சொல்லித் தவணை வாங்குவது எப்படி முடியும் என்பதைப் பாலாற்றங்கரையில் வசிக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு வேலூர் வழக்கில் தீர்ப்பளிக்கும் வரை எத்தனை தவணை போயிற்று என்பது நமக்குத் தெரியும். இந்தியா 2008 முதல் ஸ்வால்பார்டு தீவில் ஹிமாத்ரி என்ற ஆராய்ச்சி நிலையத்தை நடத்தி வருகிறது. 2013 முதல் ஆர்க்டிக் கவுன்ஸிலில் பார்வையாளர் ஸ்தானமும் பெற்றிருக்கிறது. பனி உருகுவது நமது பருவமழையை எப்படிப் பாதிக்கும் என்பதை அறியவே அங்கே முக்கியமாக ஆராய்ச்சி நடக்கிறது. பாலாற்றில் தண்ணீர் வருமா என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது. வடதுருவத்தில் நமக்குள்ள நிஜமான அக்கறை கப்பல் வழியைவிட இதில்தான் அதிகம் என்பது நமது அபிப்பிராயம்.

தோல் ஏற்றுமதிக் கவுன்ஸிலையும், ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி தொழிலதிபர் சங்கங்களையும் நாம் கேட்டுக்கொள்வது இது. விளாதிவஸ்தோக் பிரயாணத்துக்குத் தூதுக்குழு அமைக்குமுன், சென்ற மூன்றாண்டுகளில் தம் அங்கத்தினர் அனுப்பிய பெட்டிகள் எத்தனை, அவற்றில் இந்தியக் கப்பலில் போனவை எத்தனை, எப்.ஓ.பி.யில் விற்றவை எத்தனை என்ற கணக்கைத் திரட்டி வெளியிடட்டும். அந்தக் கணக்கு வந்தால் இப்பத்திரிகை அதை முழுதும் பிரசுரிக்கும்.